வெள்ளெழுத்துக் கண்ணுக்கு லீவர் ரைஃபிள்: எந்த சைட் பொருந்தும்?

புதிய மார்லின் 336, வின்செஸ்டர் 94 போன்ற லீவர் ரைஃபிளை (விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) பெட்டியிலிருந்து எடுத்துத் தோளில் வைத்ததும் ஐம்பதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். குறி பார்க்க உதவும் சைட்டுகளில், பின் சைட்டின் பள்ளம் கலங்கலாகத் தெரிகிறது. முன் சைட்டின் மணிக்கு விளிம்பே இல்லை. இலக்கு மட்டும் பளிச்சென்று நிற்கிறது. படிக்கிற கண்ணாடியை மாட்டினால் பள்ளம் தெளிந்துவிடும், ஆனால் இலக்கு கரைந்துபோகும். ரைஃபிளில் எந்தப் பழுதும் இல்லை. குழலின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பின் சைட், இருபது வயதுக் கண்ணை நினைத்து வைத்தது.

உடனே ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி) வாங்கச் சொல்லிப் பலரும் யோசனை தருவார்கள். சிலருக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் உங்கள் கண்ணுக்கு என்ன குறை என்று தெரியாமல் சைட் வாங்கினால், 80 டாலரில் முடிய வேண்டிய வேலை 600 டாலரில் போய் நிற்கும். பெரிதாகக் காட்டுவது எது என்பதல்ல இங்கே கேள்வி. கண் ஒரே நேரத்தில் எத்தனை தூரங்களைத் தெளிவாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்த எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது என்பதுதான் கேள்வி.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் .30-30 போன்ற தோட்டா வகைக்கான லீவர் ரைஃபிளை முறைப்படி வாங்கி, ரேஞ்சிலும் (சுட்டுப் பழகும் மைதானம்) காட்டில் மான் வேட்டையிலும் பயன்படுத்துகிறவர்களுக்கு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

கண்ணில் என்ன நடக்கிறது

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகுகிறது. 45 வயது வாக்கில் புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்க ஆரம்பிப்போம். 60 வயதில் அந்த லென்ஸ் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் நின்றுவிடும். லீவர் ரைஃபிளில் இது எப்படித் தெரியும் என்பதற்குச் சில அளவுகள். 20 அங்குலக் குழல் கொண்ட 336-இல் கண்ணிலிருந்து பின் சைட் ஏறக்குறைய 16 அங்குலம், முன் சைட் ஏறக்குறைய 32 அங்குலம். கழுத்து நீளத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் ஓரிரு அங்குலம் மாறும். பின் பள்ளத்தைத் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்கு 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு) தேவை, முன் மணிக்கு 1.25, 100 கெஜத்தில் நிற்கும் இலக்குக்குப் பூஜ்யம். இளம் கண் இந்த மூன்றுக்கும் நடுவே சட்டென்று தாவிக்கொண்டிருக்கும். தாவுவதே நமக்குத் தெரியாது. வயதான கண்ணால் தாவ முடியாது.

வெளிச்சம் இன்னொரு சிக்கல். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸும் பழுப்பேறிவிடுகிறது. மான் நடமாடுவதோ விடியலிலும் அந்தியிலும். ஆகவே நண்பகல் ரேஞ்சில் நன்றாக இருக்கும் சைட் மாலை ஐந்தரைக்கு உதவாமல் போகலாம். இந்த இரண்டு நேரங்களில் உங்களுக்கு எது முக்கியம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சைட் வாங்கும் முன் கண்ணாடி

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். புரோகிரசிவ் கண்ணாடி போட்டுக்கொண்டு ரைஃபிளில் கன்னம் வைத்தால் தலை முன்னால் சாயும். பார்வை லென்ஸின் மேல் மூலையில், மூக்குப் பக்கமாகப் போகும். அந்த இடத்தில் இருப்பது தூரப் பார்வைப் பவர், அதுவும் ஓரத்து நெளிவோடு. முன் சைட் தெளியாது. தெளிவு தேடித் தலையைத் தூக்கினால் கன்னம் கட்டையை விட்டு விலகும், குண்டு எங்கோ போகும்.

இதற்கு ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று தனியாக வேண்டும்: குறி பார்க்கும் கண்ணுக்கு உங்கள் தூரப் பவரோடு +0.50 கூட்டியது. கணக்கு இதுதான். முன் சைட் 32 அங்குலத்தில் இருந்தால் அதைப் போல இரண்டு மடங்கு தூரத்தில், அதாவது ஏறக்குறைய 1.6 மீட்டரில், கண்ணை நிறுத்த வேண்டும். அப்போது முன் சைட்டும் இலக்கும் சமமாக, பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டுமே மங்கும். +0.50 கண்ணை 2 மீட்டரில் நிறுத்தும், +0.75 ஏறக்குறைய 1.33 மீட்டரில். சரியான இடம் இந்த இரண்டுக்கும் நடுவில். இலக்கு தெளிவாக வேண்டும் என்பவர் +0.50 எடுக்கட்டும், தாளில் வட்டம் சுடுகிறவர் +0.75 எடுக்கட்டும். அதற்கு மேல் போனால் மானின் கொம்பு எது, கிளை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கண் பரிசோதனைக்குப் போகும்போது ரைஃபிளைக் கொண்டுபோகக் கூடாது. ஒரு நூல் போதும். வீட்டில் ரைஃபிளைக் காலி செய்துவிட்டுத் தோளில் வைத்து, இன்னொருவரை விட்டுக் கண்ணின் ஓரத்திலிருந்து முன் சைட் வரை நூலைப் பிடிக்கச் சொல்லி வெட்டிக்கொள்ளுங்கள். பரிசோதனை அறையில் அந்த நூல் நீளத்தில் ஒரு பேனா முனையைப் பிடித்து, சோதனைச் சட்டத்தில் +0.50 லென்ஸைப் போட்டு, பேனா முனைக்குப் பின்னால் சுவரில் உள்ள எழுத்தைப் பாருங்கள். இரண்டும் தெரிகிறதா? பிறகு +0.75. எது என்று இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவுக் கோணலைச் சரிசெய்யும் பவர்) இருந்தால், அது சிறியதாக இருந்தாலும், இந்தக் கண்ணாடியில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். முன் சைட் இரட்டையாகத் தெரிவதற்குப் பல சமயம் விட்டுப்போன சிலிண்டர்தான் காரணம். லென்ஸ் பாலிகார்பனேட்டில் இருக்கட்டும்.

ரைஃபிளைக் காலி செய்வது என்று சொன்னேன். லீவர் ரைஃபிளில் குழாய் மேகசின் ஒரு தோட்டாவை மறைத்து வைத்திருக்கும். லீவரை எதுவும் வெளியே விழாத வரை அடித்து, பிறகும் இரண்டு முறை அடித்து, அறையையும் தோட்டா ஏறும் தட்டையும் விரல் விட்டுப் பாருங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறையில் இருக்கட்டும்.

கருப்பு டேப் சோதனை

சைட்டுக்குப் பணம் போடும் முன் செய்ய வேண்டிய, செலவே இல்லாத சோதனை இது. மின்கம்பிக்குச் சுற்றும் கருப்பு டேப்பில் விரல் நகமளவு வெட்டிக்கொள்ளுங்கள். சூடு காட்டிய ஊசியால் நடுவே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாமல் துளை போடுங்கள். ஓரம் பிசிறில்லாமல் வட்டமாக இருக்க வேண்டும். ரைஃபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடித் திறந்து, கண்ணாடியில் பார்வை எந்த இடத்தில் போகிறதோ அங்கே டேப்பை ஒட்டுங்கள். வெயில் நேரத்தில் பாதுகாப்பான திசையில் குறி பாருங்கள்.

முன் சைட் சட்டென்று கறுத்து, கூர்மையாக, விளிம்போடு தெரிந்தால் உங்கள் குறை வெறும் வெள்ளெழுத்துதான். பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறி பார்க்கும் பின் சைட்) உங்களுக்கு வேலை செய்யும். துளை வழியாகப் பார்த்தும் தெளியவில்லை என்றால் லென்ஸின் குவிவு காரணமில்லை. கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம். அந்த நிலையில் சைட் வாங்க அவசரப்படாமல் முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். நேர்கோடுகள் வளைந்து தெரிந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

கண்புரை அறுவை சிகிச்சை நெருங்கிக்கொண்டிருந்தால் சைட் வாங்குவதை அது முடியும் வரை ஒத்திப்போடலாம். குறி பார்க்கும் கண் எது என்று மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சிலருக்கு ஒரு கண்ணில் தூரத்துக்கும் மறு கண்ணில் கிட்டத்துக்கும் லென்ஸ் வைப்பார்கள். குறிபார்க்கும் கண்ணில் கிட்டப் பவர் வந்துவிட்டால் பிறகு எல்லாமே தலைகீழ். திரும்பச் சுட எத்தனை நாள் ஆகும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பீப் சைட்: பலருக்கும் இது போதும்

ரிசீவரின் (குழலுக்குப் பின்னால் இயங்கு பாகங்கள் இருக்கும் உலோகப் பெட்டி) பின்புறத்தில் மாட்டும் துளை சைட் கண்ணிலிருந்து 6 அங்குலத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கே கண் எதையும் தெளிவாகப் பார்க்க வேண்டியதில்லை. துளை வழியாகப் பார்க்கிறோம், முன் சைட்டை இலக்கில் வைக்கிறோம்; வட்டத்தின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும். பிடிக்க வேண்டிய தூரங்கள் மூன்றிலிருந்து இரண்டாகிவிட்டன. கூடவே சைட்டுகளுக்கு இடையிலான தூரம் 16 அங்குலத்திலிருந்து 26 அங்குலத்துக்குப் போகிறது. அதே அளவு கைப்பிழை தாளில் குறைவாகவே தெரியும். பழக்கம் மாறாதவர்கள் வட்டத்தையே உற்றுப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் இந்த நன்மை எதுவும் கிடைக்காது.

துளையின் அளவில்தான் விஷயம் இருக்கிறது. 'கோஸ்ட் ரிங்' என்று விற்கப்படும் பெரிய வளையங்கள் 0.191 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். பகலில் வயதான கண்ணின் மணி 3 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். கண்மணியை விடப் பெரிய துளை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தாது. அதனால் முன் சைட்டை ஒரு துளிகூடக் கூர்மையாக்காது. பின் சைட் என்ற தூரத்தை நீக்குகிறது, அவ்வளவுதான். "பீப் போட்டும் மங்கல் போகவில்லை" என்று சலித்துக்கொள்கிறவர்களின் ரைஃபிளில் பெரும்பாலும் இந்த வளையம்தான் இருக்கும்.

கூர்மை வேண்டுமானால் 0.070 அங்குலம் (1.8 மில்லிமீட்டர்) நல்ல பகல் அளவு. 0.093 முதல் 0.096 வரை எல்லாவற்றுக்கும் நடுவானது. மெல்லிய உதவி செய்யும். 0.050-ஐத் தாள் சுடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேகமூட்டம் வந்தாலே இருட்டிவிடும். 0.125 அந்திக்கு. வெள்ளெழுத்தும் அந்தி வேட்டையும் சேர்ந்தவர்கள் இரண்டு துளைத் தட்டுகளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வில்லியம்ஸ், லைமன் தட்டுகளின் மறை 7/32-40. ரேஞ்சில் 0.070 போட்டு ஜீரோ செய்யுங்கள் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டை அமைப்பது); மாலையில் அதைக் கழற்றிவிட்டு 0.125 போட்டாலும், தட்டு நேராக உட்கார்ந்தால், குண்டு விழும் இடம் வேட்டைக்குப் பொருட்படுத்தும் அளவுக்கு மாறாது. ஒரு முறை தாளில் சுட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எதை வாங்குவது? அடிக்கடி தோட்டா மாற்றுகிறவர்களுக்கு வில்லியம்ஸின் 'ஃபூல் ப்ரூஃப்' வகை: பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் தனித்தனி ஸ்க்ரூ, பூட்டினால் நகராது. ஒரே தோட்டாவோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு ஸ்கின்னர் போல ரிசீவரின் மேல் துளைகளில் உட்காரும் குட்டையான பித்தளை, எஃகு சைட்டுகள். பையிலும் புதரிலும் மாட்டாது. லைமன் 66 தட்டைப் பக்க ரிசீவர்களுக்கானது. ரூகர் நிறுவனம் 2020-இல் மார்லினை வாங்கிய பிறகு வந்த 1895 ட்ராப்பர், ஸ்கின்னர் பீப்போடே விற்பனைக்கு வருகிறது. வாங்குவதற்கு முன் அதன் வழியாக ஒரு முறை பார்த்தாலே இந்த வகை ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

வாங்கும் முன் ரிசீவரில் துளைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மேலே மட்டும் இருந்தால் பக்கத்தில் பூட்டும் சைட்டுக்குப் புதிதாகத் துளையிட வேண்டும்; அது கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) செய்ய வேண்டிய வேலை, கை ட்ரில்லில் முயலாதீர்கள். பிடியின் கழுத்தில் நிமிர்ந்து நிற்கும் டாங் சைட்டுகள் பார்க்க அழகு. கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் துளையும் நன்றாக வேலை செய்யும். .30-30 வரை சரி. அதைவிட வலிய தோட்டாவான .45-70-இல் உதை வாங்கும்போது அந்தத் தண்டு கண்ணாடியில் வந்து இடிக்கும்.

முன் சைட்டை மாற்றாமல் விடாதீர்கள்

பின்னால் நல்ல பீப்பைப் போட்டுவிட்டு முன்னால் தொழிற்சாலை மணியை அப்படியே விடுவது பாதி வேலை. பித்தளை மணியின் முகம் உருண்டையானது. வலப்பக்கத்திலிருந்து வெயில் அடித்தால் மணியின் வலப்பக்கம் மட்டும் மின்னும். கண் அந்த மின்னும் புள்ளியையே மணி என்று நம்பி இலக்கில் வைக்கும். குண்டு இடப்பக்கம் போகும். கண் மங்கலான பிறகு இந்த ஏமாற்று இன்னும் கூடும். தட்டையான முகமும் சதுரத் தலையும் கொண்ட முள்ளாக மாற்றுங்கள். நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் நிழலில் கைகொடுக்கும்.

அகலம்: 1/16 அங்குல மணி 32 அங்குலத்திலிருந்து பார்க்கும்போது 100 கெஜத்தில் 7 அங்குலத்தை மறைக்கும். 3/32 என்றால் பத்தரை அங்குலம். பெரிய மணி கண்ணில் சீக்கிரம் படும், ஆனால் மானின் நெஞ்சை முழுதாக மூடிவிடும். சதுர முள்ளில் தலையின் மேல் விளிம்பை வைத்துக் குறி பார்ப்பதால் அகலம் அவ்வளவு உறுத்தாது. 0.080 முதல் 0.095 வரை வயதான கண்ணுக்கு நல்ல அளவு.

முன் சைட்டில் வைக்கும், வெளிச்சத்தைப் பிடித்து மின்னும் ஃபைபர் ஆப்டிக் குழாய்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவை மங்கலைப் போக்காது. மங்கலை வெளிச்சம் போட்டுக் காட்டும். வெயிலில் பச்சைப் புள்ளி ஊதிப் பெருத்து, விளிம்பில்லாத ஒளிக்கோளமாகிவிடும். 50 கெஜத்துக்குள் புதர்க்காட்டில் சட்டென்று தூக்கிச் சுடுகிறவர்களுக்கு அது போதும். குண்டுகள் நெருக்கமாக விழ வேண்டும் என்பவர்களுக்கு வேண்டாம். சிவப்பு, பச்சை பிரித்தறியாதவர்கள் வெள்ளைக் கோட்டோடு நிற்பது நல்லது.

உயரம்தான் அடிக்கடி தப்பும். ரிசீவர் பீப் பெரும்பாலும் பழைய பின் சைட்டை விட உயரமாக நிற்கும். முழுவதும் இறக்கிவிட்ட பிறகும் குண்டு மேலே போகும். அப்போது உயரமான முன் சைட் வேண்டும். எவ்வளவு உயரம் என்பதற்குச் சூத்திரம் எளிது: சைட்டுகளுக்கு இடையிலான தூரத்தைப் பிழையால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாமே அங்குலத்தில். 100 கெஜம் 3600 அங்குலம். 26 அங்குல இடைவெளியில் குண்டு 6 அங்குலம் மேலே போனால் 26 பெருக்கல் 6, வகுத்தல் 3600, விடை 0.043 அங்குலம். இப்போதுள்ள முள்ளை விட அவ்வளவு உயரம் கூடினது வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு உயரமாகவே வாங்குங்கள்: உயரமானதை அரத்தால் குறைக்கலாம், குட்டையானதை நீட்ட முடியாது.

3/8 அங்குல டவ்டெயிலில் (சைட் பக்கவாட்டில் நுழைந்து இறுகும் பள்ளம்) இருக்கும் பழைய சைட்டை ரைஃபிளுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது இடமிருந்து வலமாகத் தட்டி வெளியே எடுப்பது வழக்கம். புதியதை வலமிருந்து இடமாக ஏற்றுவது. பித்தளைத் தட்டுகோலும் (பஞ்ச்) நைலான் தலைச் சுத்தியலும் வேண்டும். எஃகுத் தட்டுகோலால் தட்டினால் நீலப் பூச்சு போய்விடும். விரலால் தள்ளி மூன்றில் ஒரு பங்கு நுழைந்து நின்றால் பிடிப்பு சரி. நுழையவே இல்லை என்றால் அரத்தைச் சைட்டின் அடிப்பாகத்தில்தான் வைக்க வேண்டும், குழலில் வெட்டிய பள்ளத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். பழைய பின் சைட்டை எடுத்த பள்ளத்துக்கு ஒரு மூடி கிடைக்கும், போட்டுவிடுங்கள்.

ரெட் டாட்: சிலிண்டர் பவர் உள்ளவர்கள் கவனிக்க

ரெட் டாட் என்பது கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் சைட். அதில் புள்ளி இலக்கின் தூரத்திலேயே மிதப்பதுபோல் தெரியும். கண் பிடிக்க வேண்டியது ஒரே தூரம். வெள்ளெழுத்துக்கு இதைவிட நேரான விடை இல்லை. ஆனால் இதில் +0.50 கண்ணாடி போடக் கூடாது; அது புள்ளியையும் இலக்கையும் சேர்த்து மங்கலாக்கும். தூரப் பார்வைக் கண்ணாடி மட்டும்.

சிலிண்டர் பவர் சரி செய்யப்படாத கண்ணுக்குப் புள்ளி வால் முளைத்தோ, திராட்சைக் கொத்தாகவோ தெரியும். "டாட் கெட்டுப்போயிற்று" என்று திருப்பி அனுப்பும் முன் கைபேசிக் கேமராவைக் கண் இருக்கும் இடத்தில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் குறை கண்ணில்தான். வெளிச்ச அளவைப் புள்ளி மங்கலாகத் தெரியும் வரை குறைத்தாலே பாதி சரியாகும். மீதியைக் கண்ணாடியில் சிலிண்டர் சரி செய்யும். அப்படியும் சரியாகாதவர்களுக்கு 1 மடங்கு ப்ரிஸம் சைட் இருக்கிறது. அதில் குறிக்கோடு கண்ணாடியில் பொறிக்கப்பட்டது, கண்ணுக்கேற்பத் திருகித் தெளிவாக்கலாம், பேட்டரி தீர்ந்தாலும் கறுப்பாகத் தெரியும். ஆனால் கண்ணை ஒரே இடத்தில் வைக்க வேண்டும், எடையும் கூட.

புள்ளி அளவு 2 எம்ஓஏ என்றால் 100 கெஜத்தில் ஏறக்குறைய 2 அங்குலத்தை மறைக்கும்; 6 எம்ஓஏ, 6 அங்குலம். வயதான கண்ணுக்கு 3 அல்லது 4 நல்லது. சின்னப் புள்ளியைத் தேடி வெளிச்சத்தைக் கூட்டினால் அது ஊதிப்போகும். மழையிலும் பனியிலும் போகிறவர்கள் நான்கு பக்கமும் மூடிய வகையை எடுங்கள். திறந்த வகையில் ஒளி வரும் குழியில் ஒரு துளி நீர் விழுந்தாலும் புள்ளி சிதறும்.

ஸ்கோப்: எப்போது, எவ்வளவு

அந்தியில்தான் வேட்டை என்றாலோ, கண்புரை ஆரம்பித்து வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான வேறுபாடு சரியாகத் தெரியாவிட்டாலோ ஸ்கோப்தான் சரி. .30-30-க்கு 1-4, 1.5-4, 2-7 மடங்குகளுக்கு மேல் தேவையே இல்லை. கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு, முன் லென்ஸை மடங்கால் வகுத்தால் வரும்: 20 மில்லிமீட்டர் லென்ஸில் 4 மடங்கு என்றால் 5 மில்லிமீட்டர், 33-இல் 7 என்றால் 4.7. வயதான கண்மணி இருட்டிலும் அதற்கு மேல் பெரிதாக விரியாது என்பதால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் வெறும் சுமை. உயரமான வளையங்களையும் கூடவே இழுத்து வரும். குறிக்கோடு மெல்லியதாக இருந்தால் அந்தியில் மரப்பட்டையில் கரைந்துவிடும். ஓரம் தடித்து நடு மெலிந்த டூப்ளெக்ஸ், அல்லது ஜெர்மன் 4 வகை எடுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி குறைந்தது மூன்றரை அங்குலம்; .45-70 என்றால் 4 அங்குலம்.

வாங்கி வந்ததும் முதல் வேலை பின் லென்ஸைக் கண்ணுக்குச் சரி செய்வது. தூரக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சமான வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பாருங்கள் (சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம்). இரண்டு நொடி மட்டும் பார்த்துவிட்டுக் கண்ணை எடுங்கள். கோடு பார்த்த கணத்திலேயே கறுப்பாக இல்லை என்றால் அரைச் சுற்றுத் திருகி மறுபடி பாருங்கள். பார்த்துக்கொண்டே திருகினால் கண்ணில் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சக் குவிவு கணக்கைக் கெடுத்துவிடும்.

பழைய வின்செஸ்டர் 94-இல் வெற்றுத் தோட்டா மேலே பறக்கும் என்பதால் நடுவில் ஸ்கோப் வைக்க முடியாது. 1980-களின் தொடக்கத்தில் வந்த ஆங்கிள் எஜெக்ட் வகையில்தான் அது சாத்தியமானது. 1948 முதல் வந்துகொண்டிருக்கும் மார்லின் 336 மேல் மூடி, பக்கத்தில் எறிவதால் அந்தத் தொல்லை இல்லை.

ஸ்கோப் வைத்ததும் இரண்டு புதுத் தொல்லைகள் வரும். ஒன்று, சுத்தியலுக்கு மேல் ஸ்கோப் நிற்பதால் கட்டைவிரல் சரியாகப் பிடிக்காது. தோட்டா உள்ளே இருக்கும்போது சுத்தியலை மெதுவாக இறக்கையில் விரல் நழுவினால் வெடித்துவிடும். சுத்தியலின் பக்கவாட்டில் பூட்டும் நீட்டிப்பு கிடைக்கும். அது இல்லாமல் ஸ்கோப்போடு காட்டுக்குப் போகாதீர்கள். அந்தச் சிறு ஸ்க்ரூ தளர்வதும் வழக்கம். இரண்டு, லீவர் ரைஃபிளின் கட்டை தாழ்வான சைட்டுக்காகச் சரிந்திருக்கும். ஸ்கோப் வழியாகப் பார்க்க முகத்தைத் தூக்கினால் கன்னம் அந்தரத்தில் நிற்கும். கயிறு கட்டும் தோல் கன்னத்தாங்கியில் அரை முதல் முக்கால் அங்குலம் நுரை வைத்தால் போதும். கண்ணை மூடிக் கன்னம் வைத்து, திறந்ததும் முழு வட்டம் தெரிந்தால் உயரம் சரி.

லீவர் ரைஃபிளைக் கையில் தூக்கிப் போகும்போது பிடிக்கும் இடம் ரிசீவர். ஸ்கோப் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க நடக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பகல் வேட்டைக்காரருக்கு பீப்பை முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டுவதும் ஜீரோ செய்வதும்

துளைகளிலிருந்து அடைப்பு ஸ்க்ரூக்களை எடுத்து, மறையிலுள்ள எண்ணெயை ஆல்கஹாலால் துடையுங்கள். அடித்தட்டின் ஸ்க்ரூவை முதலில் பசையில்லாமல் பூட்டி, லீவரை மெதுவாக ஒரு முறை அடித்துப் பாருங்கள். போல்ட் (ரிசீவருக்குள் முன்னும் பின்னும் நகரும் பாகம்) எங்காவது உரசினால் ஸ்க்ரூ நீளம் அதிகம். அழுத்தி அடித்துப் பழக்காதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்றி நுனியை அரத்தால் குறையுங்கள். பிறகு ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சிறு துளி, தயாரிப்பாளர் சொன்ன இறுக்கம். பொதுவாக 15 முதல் 20 அங்குல-பவுண்டுக்குள் இருக்கும். சிவப்பு லாக்டைட் வேண்டாம். ஸ்க்ரூ தலையிலிருந்து தட்டின் மேல் வரை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு உடைந்தால் தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

25 கெஜத்தில் மணல் மூட்டை மேல் வைத்துத் தொடங்குங்கள். பெரிய கறுப்பு வட்டத்தை விட, வயதான கண்ணுக்கு வெள்ளைத் தாளில் தடித்த கறுப்புச் சதுரமே பின்பற்ற எளிது. அதன் அடிவிளிம்பில் முள்ளின் தலையை வையுங்கள். பின் சைட்டைக் குண்டு போக வேண்டிய திசையிலேயே நகர்த்த வேண்டும். முன் சைட்டை அதற்கு எதிர்த் திசையில். மூன்று மூன்றாகச் சுட்டு, நடுவே குழலை ஆறவிடுங்கள். மெல்லிய குழல் சூடேறினால் குண்டுகள் விழும் இடம் மேலேறும். 25-இல் சரியானதும் 100-இல் முடியுங்கள். முதலில் சுட்டவை நன்றாகவும் இருபதாவதுக்கு மேல் சிதறலாகவும் இருந்தால் சைட்டைத் தொடாதீர்கள். கண் களைத்துவிட்டது, தொலைவில் மரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் உட்காருங்கள்.

கடைசிச் சோதனை மாலையில். பல மாநிலங்களில் சூரியன் மறைந்த அரை மணி நேரம் வரை மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. உங்கள் மாநில விதியைப் பாருங்கள். காலி ரைஃபிளோடு அந்த அரை மணியில் பாதுகாப்பான திசையில், மரங்களின் நிழலைப் பார்த்துக் குறி வையுங்கள். 0.070 துளையில் முள் எத்தனை மணிக்கு மறைகிறது, 0.125-இல் எத்தனை மணிக்கு, தட்டையே கழற்றினால் எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டால், அந்த நேரம்தான் உங்கள் ரைஃபிளின் எல்லை. புதுக் கண்ணாடி வாங்கினாலோ கண்ணில் அறுவை சிகிச்சை ஆனாலோ இந்தச் சோதனையையும் 100 கெஜத் தாளையும் மறுபடி செய்ய வேண்டும்.